தீட்டு ஒட்டும், பரிசுத்தம் ஒட்டுமா?

அன்பான நேயர்களே, வணக்கம். எபிரேய வேதத்தில் பாவநிவிர்த்தியும் பரிசுத்தமும் என்று தலைப்புக் கொடுத்துப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு என்றதும் எல்லோரும் நேராக லேவியராகமத்தைத் திறப்பார்கள். நானும் அங்கே வரத்தான் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஆகாய் தீர்க்கதரிசியிடம் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம். இரண்டே அதிகாரம் உள்ள புத்தகம், வேதாகமத்தைப் புரட்டும்போது பல பேருக்குக் கண்ணிலேயே படாது.

கி.மு. 520. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் எருசலேமில் இடிந்து கிடந்த ஆலயத்தை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், ஒன்பதாம் மாதம் 24ஆம் தேதி, ஆகாய் ஆசாரியர்களிடம் போய் இரண்டு கேள்வி கேட்கிறார். ஒருவன் பலியிட்ட பரிசுத்த மாம்சத்தைத் தன் ஆடையின் ஓரத்தில் வைத்து எடுத்துப் போகிறான், போகிற வழியில் அந்த ஓரம் அப்பத்தின் மேலோ கூழின் மேலோ எண்ணெயின் மேலோ பட்டுவிடுகிறது, அப்படிப் பட்டது பரிசுத்தமாகிவிடுமா? ஆகாது என்கிறார்கள் ஆசாரியர்கள். சரி, பிணத்தைத் தொட்டுத் தீட்டான ஒருவன் இதே அப்பத்தைத் தொட்டால்? தீட்டாகும் என்கிறார்கள். யோசிக்கக்கூட இல்லை, அவர்களுக்குத் தெரிந்த சட்டம்தான். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நாம் சொல்வதில்லையா? ஒரு துளி பால் குடம் விஷத்தைச் சுத்தமாக்காது.

இந்த இரண்டு கேள்வியையும் இதே வரிசையில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு நான் அப்படியே கடந்து போக முடியாது. தமிழில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சாதி. பிறப்பால் ஒருவன் தீட்டு என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லையே நாம் அழுக்காக்கி வைத்திருக்கிறோம். லேவியராகமத்தில் பிறப்பால் தீட்டானவன் ஒருவன்கூட இல்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு, செத்தவரை அடக்கம் பண்ணியவனுக்குத் தீட்டு, இதெல்லாம் பாவமும் இல்லை, பிரதான ஆசாரியனுக்கே வரலாம், தண்ணீரில் குளித்துச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தால் பல தீட்டு போய்விடும். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் லேவியராகமத்தைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம், அது அவர்களுக்குச் சாட்சி சொல்ல வராது.

அப்படியானால் தீட்டைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? தேவன் அவர்கள் நடுவில் குடியிருக்கிறார், அதற்காகத்தான். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின் கடைசியில் இது வெளிப்படையாகவே வருகிறது: தங்கள் நடுவில் இருக்கிற என் வாசஸ்தலத்தை ஜனங்கள் தீட்டுப்படுத்திவிடக் கூடாது. மனிதர்கள் எங்கோ பாளயத்தில் செய்வது வாசஸ்தலமான அந்தக் கூடாரத்தின் உள்ளே போய்ப் படிகிறது. அடுப்புப் புகை சமையலறையோடு நிற்காமல் மெல்ல மெல்ல நடுவீட்டுச் சுவரையும் கறுப்பாக்குவது மாதிரி. அதனால்தான் அடுத்த அதிகாரத்தில் வருகிற பாவநிவிர்த்தி நாளில், யோம் கிப்பூர் என்று யூதர்கள் சொல்வது, இரத்தம் ஜனங்கள்மேல் தெளிக்கப்படுவதில்லை. உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்னாலும், பிறகு பலிபீடத்தின்மேலும் தெளிக்கிறார்கள். எபிரேயம் படிக்கத் தொடங்கி ரொம்ப நாள் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. அதுவரை பாவநிவிர்த்தி என்றால் தண்டனையிலிருந்து நான் தப்பிப்பது என்று மட்டும் நினைத்திருந்தேன். கூடாரம் அவர்களுடைய அசுத்தங்களின் நடுவிலேயே அவர்களோடு தங்கியிருக்கிறது என்று 16ஆம் வசனம் சொல்லும். தேவன் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு, வருஷத்துக்கு ஒருநாள், உள்ளே போய்த் துடைக்கிறார்கள். உள்ளிருந்து எடுத்ததை இரண்டாவது வெள்ளாட்டின் தலையில் கைவைத்து அறிக்கைசெய்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், நம் வேதாகமத்தில் போக்காடு என்று இருக்கிறதே, அதுதான்.

அந்த ஒருநாளுக்கு எப்படித் தயாரானார்கள் என்பதை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் யோமா என்ற பகுதி விவரமாக வைத்திருக்கிறது. ஏழு நாள் முன்னாலேயே பிரதான ஆசாரியரை வீட்டிலிருந்து பிரித்து ஆலயத்தில் ஒரு அறையில் வைப்பார்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பதிலுக்கு இன்னொருவரையும் ஏற்பாடு செய்து வைப்பார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்று ஆணையிடச் சொல்வார்கள், அவர் ஒருபக்கம் திரும்பி அழுவார், கேட்டவர்களும் ஒருபக்கம் திரும்பி அழுவார்கள். முந்தின இரவு தூங்க விட மாட்டார்கள், தூக்கத்தில் தீட்டாகிவிடலாம் இல்லையா. கண் சொக்கினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி, எழுந்து வெறுங்காலோடு குளிர்ந்த கல்தரையில் நில்லுங்கள் என்பார்கள். மறுநாள் ஐந்து முறை முழுக்கு, பத்து முறை கை கால் கழுவுவது. இவ்வளவு காவல் போட்டும் அடுத்த வருஷம் திரும்பவும் செய்ய வேண்டியிருந்தது. தீட்டு ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது ஏசாயாவுக்கு வருகிறேன். உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் ஆண்டவரைக் கண்டேன் என்று ஆறாம் அதிகாரம் ஆரம்பிக்கும். ஏதோ தேதிக்காகச் சொன்னது என்று நான் நினைத்திருந்தேன். உசியா எப்படிச் செத்தான் என்று 2 நாளாகமம் 26இல் பாருங்கள்: ராஜா என்ற மமதையில் தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தான், அங்கேயே நெற்றியில் குஷ்டம் வந்தது, சாகும்வரைக்கும் தனி வீட்டில் ஒதுங்கி இருந்தான். அந்த ராஜா செத்த வருஷத்தில், அதே ஆலயத்தில், ஏசாயா தேவனைப் பார்க்கிறான். பார்த்ததும் என்ன சொல்கிறான்? ஐயோ, அசுத்த உதடுகளுள்ள மனுஷன் நான். அசுத்தம் என்று தமிழில் வரும் இடத்தில் எபிரேயத்தில் தாமே என்று இருக்கிறது. குஷ்டரோகி தன் வாயை மூடிக்கொண்டு "தீட்டு, தீட்டு" என்று கத்த வேண்டும் என்கிறதே லேவியராகமம் 13, அங்கே அவன் கத்துவதும் அதே சொல்தான், "தாமே, தாமே". உசியாவின் நெற்றியில் வந்தது என் வாயிலேயே இருக்கிறது என்று அந்த மனுஷன் அலறுகிறான்.

அப்போது நடந்ததைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு சேராபீன், தேவனுடைய சிங்காசனத்தருகே நிற்கிற பரலோகவாசி, பலிபீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புத்தழலை எடுத்து வருகிறான். சேராபீனே குறடு இல்லாமல் எடுக்கவில்லை. அது ஏசாயாவின் உதட்டைத் தொடுகிறது. ஏசாயாவின் தீட்டு தழலில் ஒட்டவில்லை, தழலில் இருந்தது ஏசாயாவிடம் வந்துவிட்டது. உன் பாவம் நிவிர்த்தியானது என்கிறான் சேராபீன், யோம் கிப்பூரில் இருக்கிற கிப்பேர் என்ற அதே வேர்ச்சொல்.

ஆசாரியர்கள் ஆகாயிடம் சொன்ன சட்டம் இங்கே தலைகீழாகிவிட்டதே என்று தோன்றும். பலிபீடத்தைப் பற்றி யாத்திராகமம் 29 சொல்வது இது: ஏழுநாள் பலிபீடத்துக்காகப் பாவநிவிர்த்தி செய்த பிறகு அது மகா பரிசுத்தமாகும், அதைத் தொடுகிறதெல்லாம் பரிசுத்தமாகும். மாம்சத்தைத் தூக்கிப்போகிற துணியிலிருந்து பரிசுத்தம் ஒட்டாது, பலிபீடத்திலிருந்து ஒட்டும்.

மேசியாவை ஏற்றுக்கொண்ட யூதர்களும் அவர்களோடு சேர்ந்து வேதத்தை வாசிக்கிற என்னைப் போன்றவர்களும் யேசுவாவை, நம் வாயில் இயேசு, இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம். யூதர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்த பிறகு, பாவநிவிர்த்தி செய்கிற இடம் போய்விட்டதே என்று அழுத ரபீ யோசுவாவிடம், நமக்கு இன்னொரு நிவிர்த்தி இருக்கிறது, இரக்கச் செயல்கள், என்று ஓசியாவின் வசனத்தைக் காட்டினார் அவருடைய குரு யோகனான் பென் சக்காய். அதை லேசாக எடுத்துக்கொள்கிறவன் நான் இல்லை, "பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்" என்ற அதே ஓசியா வசனத்தை இயேசுவும் எடுத்துச் சொன்னவர்தானே. ஏழை ஆடும் புறாவும் கொண்டுவர முடியாவிட்டால் மாவு கொண்டுவரலாம் என்று லேவியராகமமே சொல்கிறது. ஆனாலும் அந்தத் தழல், அந்தப் பலிபீடம், அது எங்கே போனது என்ற கேள்வி எனக்கு நிற்கவில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வருகிறான். வார்த்தையால் சொன்னாலே போதும், இயேசு கையை நீட்டித் தொடுகிறார். தீட்டு ஒட்டவில்லை, அவன் சுத்தமானான். அப்புறம் ஒரு வரி வருகிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை: அவன் ஊருக்குள் போய் எல்லோருக்கும் சொல்லித் திரிந்ததால் இயேசு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போக முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார். குஷ்டரோகி உள்ளே வந்துவிட்டான், இவர் வெளியே போய்விட்டார். போக்காடு போன திசை.

ஏசாயா 53இல் பிறருடைய பாடுகளைச் சுமக்கிற ஒரு தாசன் வருகிறான், அவன் அடிபட்டவன் என்று எண்ணப்பட்டான் என்று வரும் இடத்தில் நாகூவா என்ற சொல் இருக்கிறது, லேவியராகமத்தில் குஷ்டத்துக்குச் சொல்கிற நெகாவும் அதே வேர்தான். ராஷி முதலான பெரிய யூத உரைகாரர்கள் அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனம் என்றார்கள். ஆனால் மிஷ்னாவை விரித்துப் பேசுகிற தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில், மேசியாவின் பேர் என்ன என்ற பேச்சு வரும்போது சிலர் இந்த வசனத்தையே காட்டிக் குஷ்டரோகி என்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் மேசியா ரோமின் வாசலில் நோயாளிகளோடு உட்கார்ந்து தன் காயக்கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கதை. அந்தக் காட்சியை முதல்முறை வாசித்த அன்று எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

கடைசியாக ஆகாயின் அந்த இரண்டு கேள்வி. ஆடையின் ஓரம் என்று அங்கே வரும் எபிரேயச் சொல் கானாஃப். எண்ணாகமம் 15இல் தொங்கல் போடச் சொன்னதும் ஆடையின் கானாஃபில்தான். நீதியின் சூரியன் உதிக்கும், அதன் செட்டைகளின்கீழ் ஆரோக்கியம் இருக்கும் என்று மல்கியா சொல்கிற செட்டையும் கானாஃப். பன்னிரண்டு வருஷமாக இரத்தப்போக்கால் தீட்டாயிருந்த ஒரு பெண், கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொட்டாள். அது முதல் கேள்வி. பரிசுத்தம் ஓரத்திலிருந்து ஒட்டுமா? ஒட்டியது, மகளே என்று கூப்பிட்டார்.

அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் பெண் செத்துவிட்டாள் என்று ஆள் வருகிறது. அந்த வீட்டுக்குப் போய், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவள் கையைப் பிடிக்கிறார். பிணத்தைத் தொட்டால் தொட்டவன் தீட்டு, அவன் தொடுகிற அப்பமும் தீட்டு, இது இரண்டாவது கேள்வி. அவள் எழுந்து நடக்கிறாள். எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். அவர் அவர்களைப் பார்த்து, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார்.