எதிரி கிளப்பின் பெயரில் கம்பெனி ஏறினால் நமக்குக் கொண்டாட்டமா, கவலையா? – ‘கவலையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, வணக்கம். முன்வரிசையில் பச்சை-மெரூன் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிற மோகன் பகான் அண்ணன்மாருக்கும், அவங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சிவப்பு-மஞ்சள் துண்டோட உட்கார்ந்திருக்கிற எங்க ஆளுங்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால பேசிட்டுப் போன கொண்டாட்ட அணித் தலைவரும் என்னை மாதிரியே ஈஸ்ட் பெங்கால்காரர். கேலரியில பக்கத்துப் பக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்துவோம். இன்னைக்கு நடுவர் புண்ணியத்துல எதிரும் புதிருமா நிக்கிறோம். அவர் என்ன சொன்னார்? “மோகன் பகான் 2020-ல ‘ஏடிகே மோகன் பகான்’ ஆன அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்பை என் கல்யாணத்துல கூட சிரிக்கலை”ன்னார். அண்ணி கேட்டுக்கிட்டு இருக்காங்க, அதை அவங்க பார்த்துப்பாங்க. அப்புறம், “பேரு கெட்ட கிளப்புக்கு ஏது எதிர்காலம்? அவன் தேய்ஞ்சா நாம வளருவோம்”னார். இந்த ரெண்டுக்கும்தான் நான் பதில் சொல்ல வந்திருக்கேன்.

கால்பந்து பார்க்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். மோகன் பகானும் எங்க ஈஸ்ட் பெங்காலும் கொல்கத்தாவோட பரம எதிரி கால்பந்து கிளப்புங்க. மோகன் பகான் 1889-ல பிறந்தது. 1911 ஜூலை 29-ம் தேதி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்கிற வெள்ளைக்கார ராணுவ அணியை 2-1ன்னு தோற்கடிச்சு ஐ.எஃப்.ஏ. ஷீல்டுங்கிற கோப்பையை வாங்கினாங்க. பதினொரு பேர்ல ஒருத்தரைத் தவிர அத்தனை பேரும் வெறுங்கால். பாய்மரப் படகு அவங்க சின்னம், தீப்பந்தம் எங்க சின்னம். அவங்க ஜெயிச்சா இறால், நாங்க ஜெயிச்சா இலிஷ் மீன். எங்க வீட்டுல சைவம். அதனால எங்கப்பா காலத்துல இருந்து ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா லேக் மார்க்கெட்டுல கூடுதலா கால் கிலோ காபித்தூள், அவ்வளவுதான்.

தமிழன் எப்படி ஈஸ்ட் பெங்கால் கட்சின்னு கேட்பீங்க. அது ஊரை விட்டு வந்தவங்களோட கிளப்புங்க. நாமளும் வந்தவங்கதானே! அதோட, 1950 வாக்குல அந்த கிளப்பைத் தூக்கி நிறுத்தின ‘பஞ்ச பாண்டவர்’ – அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ் – அஞ்சு பேருமே தெற்கத்திக்காரங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2014-ல இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., தொடங்கினப்போ கொல்கத்தாவுக்குன்னு புதுசா ஒரு அணியை உண்டாக்கினாங்க. அதுதான் அட்லெட்டிகோ டி கொல்கத்தா, சுருக்கமா ஏடிகே. மூணு கோப்பையும் வாங்கிட்டாங்க. மூணாவதை 2020 மார்ச்ல நம்ம சென்னையின் எஃப்.சி.யை 3-1ன்னு அடிச்சு வாங்கினாங்க, அந்த வலி தனி. அந்த அணியோட முதலாளி, ஆர்.பி.சஞ்சீவ் கோயங்கா குழுமம், மோகன் பகான் கால்பந்துப் பிரிவுல 80 சதவீதப் பங்கை வாங்கினாங்க. 2020 ஜூலை 10-ம் தேதி புதுப் பேரை அறிவிச்சாங்க. படகு இருந்தது, பச்சை-மெரூன் இருந்தது. ஆனா 131 வருஷப் பேருக்கு முன்னால, ஆறு வருஷம் முன்னாடி முளைச்ச மூணு எழுத்து வந்து உட்கார்ந்துடுச்சு.

சிரிச்சோமா? சிரிச்சோம். எத்தனை நாள் சிரிச்சோம்னு என் நண்பர் சொன்னாரா? சொல்லலையே! செப்டம்பர் தொடக்கத்துல ஸ்ரீ சிமென்ட் கம்பெனி முதலீடு பண்ண எங்க வாசலுக்கு வந்தது. அந்த சீசன் ஆரம்பிக்கிறப்போ எங்க பேரு ‘எஸ்.சி. ஈஸ்ட் பெங்கால்’. எஸ்.சி.ன்னா ஸ்போர்ட்டிங் கிளப்புன்னாங்க. ஸ்ரீ சிமென்டுக்கும் அதே முதலெழுத்துதான். தற்செயல்னு நம்ப எனக்கும் ஆசைதான் நடுவர் அவர்களே! ரெண்டு மாசம் கூட ஆகலை, சிரிச்ச வாயை மூடுறதுக்குள்ள சிமென்ட் வந்து பூசிட்டுப் போயிடுச்சு.

அதுக்கு முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்தோம்? 2018-ல குவெஸ்ங்கிற கம்பெனி பேரோட குவெஸ் ஈஸ்ட் பெங்கால். இன்னும் பின்னால போங்க, 1998. அவங்க மெக்டவல் மோகன் பகான், நாங்க கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். ரெண்டு பேரும் யாரு? ஒரே யுனைடெட் புரூவரீஸ் குழுமம்! நாங்க இந்தப் பக்கம் நின்னு “மெக்டவல்”னு கேலி பண்றோம், அவன் அந்தப் பக்கம் நின்னு “கிங்ஃபிஷர்”னு கேலி பண்றான், ரெண்டு கேலியும் ஒரே கடைக்கு விளம்பரம். அடிச்சுக்கிட்டது நாம, விற்பனை அவங்களுக்கு.

என் நண்பர் இடையில, “கேலி இல்லாம என்ன டெர்பி?”ன்னார். ஒரே ஊர் எதிரிங்க மோதுற ஆட்டம்தானே டெர்பி, ஒத்துக்கறேன். கேலி வேணும். ஆனா யாரைக் கேலி பண்றோம்னு பார்க்கணும். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எங்க ஆட்டக்காரங்க பேரையெல்லாம் பிடிச்சுக் கிண்டலடிச்சார். ஓமோலோ அவருக்கு ஆம்லெட். சோஸோ, வங்காளத்துல ‘ஷொஷா’, அதாவது வெள்ளரிக்காய். பைச்சுங் பூட்டியா சுங்-சுங். சால்ட் லேக் மைதானத்துல 1,31,000 பேருக்கு மேல உட்கார்ந்து பார்த்தாங்க. பைச்சுங் மூணு கோல் அடிச்சார், நாங்க 4-1. கேலிக்குப் பதில் அன்னைக்கு சாயங்காலமே கிடைச்சுடுச்சு. அது ஆரோக்கியமான கேலி, ஏன்னா கேலி வாங்கினவன் கையில, மன்னிக்கணும், கால்ல பதில் இருந்தது.

‘ஏடிகே’ன்னு கேலி பண்ணினா யாரு பதில் சொல்லுவா? அந்தப் பேரை மோகன் பகான் ரசிகன் வெச்சானா? அவனே ‘ரிமூவ் ஏடிகே’ன்னு பேனர் எழுதித் தெருவுல நின்னுக்கிட்டு இருந்தான்! தன் வீட்டுப் பெயர்ப்பலகையை எவனோ கழட்டிட்டான்னு அழுதுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட போய், “உன் வீட்டு விலாசம் என்னப்பா?”ன்னு கேட்கிறதுக்குப் பேரா கேலி?

இப்ப எங்க ஆளுங்களுக்கே பிடிக்காத ஒரு விஷயத்துக்கு வர்றேன். அடிக்க வராதீங்க.

2020 நவம்பர்ல இருந்து 2023 பிப்ரவரி வரைக்கும் ஏடிகே மோகன் பகானோட நாங்க ஏழு டெர்பி ஆடினோம். ஏழையும் தோத்தோம். ஒரு டிரா கூடக் கிடையாது. 2022 ஜனவரி டெர்பியில கியான் நாஸிரின்னு ஒரு பையன், மாற்று ஆட்டக்காரனா உள்ள வந்து மூணு கோல் அடிச்சுட்டுப் போனான். அவங்கப்பா ஜம்ஷித் நாஸிரி, ஈரான்ல இருந்து வந்து எங்க ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடின நட்சத்திரம். பெத்த கடனுக்காவது ஒரு கோலைக் குறைச்சிருக்கலாம்!

ஒவ்வொரு தடவை தோத்துட்டு வெளியே வர்றப்பவும் நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? “நாம தோத்தது ஏடிகேகிட்ட. மோகன் பகான்கிட்ட இல்லை.” என் நண்பர்தான் முதல்ல சொல்லுவார். பஸ் ஏறுறதுக்குள்ள எல்லாரும் சொல்லிட்டிருப்போம். நல்லாத்தான் இருந்தது, ராத்திரி தூக்கம் வந்தது. ஆனா யோசிச்சுப் பாருங்க. தோத்தது மோகன் பகான்கிட்ட இல்லைன்னா, ஒருவேளை ஜெயிச்சிருந்தா, யாரை ஜெயிச்சிருப்போம்? ஒரு பங்குச்சந்தைக் கம்பெனியையா? அதுக்கா இலிஷ் வாங்குவீங்க? அவன் பேரு போனதும் என் தோல்வி செல்லாததாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். என் வெற்றியும் அதோட சேர்ந்து செல்லாததாயிடுச்சுங்கிறது எனக்கு உறைக்கலை.

இப்ப 2023 ஆகஸ்ட் 12-க்கு வாங்க. டூரண்ட் கோப்பை, சால்ட் லேக் மைதானம். அறுபதாவது நிமிஷம். வலது ஓரம் பந்து வருது. உள்ளே வெட்டினார், எதிர்ல நின்ன அனிருத் தாப்பாவைத் தாண்டினார், இடது காலால வளைச்சு தூரக் கம்பத்து ஓரமா அனுப்பினார். கோல்! அடிச்சது யாரு? நந்தகுமார் சேகர். நம்ம சென்னைப் பையன்! நாலரை வருஷத்துக்கு அப்புறம் டெர்பி ஜெயிச்சோம். வங்காளிங்க என்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க, ஏதோ நானே அடிச்ச மாதிரி.

இப்ப சொல்லுங்க, அந்த ராத்திரி நாம ஜெயிச்சது யாரை? மோகன் பகானை! ஏன் அவ்வளவு தெளிவாச் சொல்ல முடிஞ்சது? ஏன்னா அதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடி, ஜூன் 1-ம் தேதி, அந்த மூணு எழுத்து போயிடுச்சு. மூணு வருஷம் அந்த ரசிகன் விடாம கேட்டதுல போச்சு. கோவாவுல 2023 மார்ச்ல ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயிச்ச கையோட முதலாளியே பேர் மாத்தத்தை அறிவிச்சார். நந்தகுமார் கோலுக்கு முழு மதிப்பு கிடைச்சதுல பாதிப் பங்கு பேனர் பிடிச்ச மோகன் பகான்காரனுக்கு உண்டு. கை தட்டுங்க அவங்களுக்கு. தட்டுங்கய்யா, காசா பணமா!

முழுசாப் போகலை, அதையும் சொல்லிடறேன். இப்ப அது ‘மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்’. முதலாளிக்கு அந்தப் பேர் மேல ஒரு மோகம். கிரிக்கெட்டுல 2016-ல புனேவுக்கு ‘சூப்பர்ஜெயன்ட்ஸ்’னு வெச்சார், ஏழாவது இடம். அடுத்த வருஷம் கடைசி ‘ஸ்’ஸை எடுத்தாங்க, இறுதிப் போட்டிக்கே போயிட்டாங்க. மோகன் பகானுக்கும் ‘ஸ்’ இல்லாமத்தான் வெச்சிருக்காங்க. எண்கணித ஜோசியர்கள் நம்ம ஊர்ல மட்டும்தான் இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எதிர்காலம் மங்கும்னாரே நண்பர், அந்தக் கணக்கையும் பார்த்துடுவோம். 2024-ல அவங்க லீக் சுற்றுல முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கினாங்க. 2025-ல ஷீல்டும் கோப்பையும் சேர்த்து வாங்கினாங்க. மெக்லாரன், பெட்ராடோஸ், கம்மிங்ஸ்னு ஆஸ்திரேலியாவையே முன்வரிசைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. இதா மங்குறது? 2025 வரைக்கும் நாம ஆடின அஞ்சு ஐ.எஸ்.எல். சீசன்ல எந்தெந்த இடம்? ஒன்பது, பதினொண்ணு, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. ஒன்பதாம் இடத்துக்கு நாம பட்டாவே வாங்கி வெச்சிருந்தோம்! நடுவுல 2024 ஜனவரியில சூப்பர் கோப்பை ஜெயிச்சோம், அது உண்மை. ஆனா மூணு எழுத்து பேர்ல ஏறினதால அவன் தேயவும் இல்லை, இறங்கினதால கோப்பை குறையவும் இல்லை. கோப்பை வாங்கிக் கொடுத்தது காசு. அப்ப அந்த எழுத்து எதுக்கு இருந்தது? யாருக்காக இருந்தது? அதைத்தான் நான் கேட்கிறேன்.

“இது கொல்கத்தா சமாசாரம், வெளியூர்ல எல்லாம் ஒழுங்கா நடக்குது”ன்னு யாராவது சொல்லலாம். வேல்ஸ் நாட்டுல கார்டிஃப் சிட்டி நீலச் சட்டைக் கிளப், நீலப்பறவைன்னே செல்லப் பேரு. 2012-ல மலேசிய முதலாளி வின்சென்ட் டான் சட்டையைச் சிவப்பாக்கினார், பறவையைச் சின்னதாக்கி டிராகனைப் பெருசாக்கினார். பக்கத்து ஊர் ஸ்வான்ஸீ ரசிகனுக்குக் குஷி. 2015-ல கார்டிஃப் நீலத்துக்கே திரும்பிடுச்சு. அடுத்த வருஷம் ஸ்வான்ஸீ கிளப்பையே அமெரிக்க முதலாளிங்க வாங்கினாங்க. அந்தக் கிளப்புல ஐந்துல ஒரு பங்குக்கு மேல வெச்சிருந்த ரசிகர் அறக்கட்டளையே, ‘பேச்சுவார்த்தையில எங்களைச் சேர்க்கவே இல்லை’ன்னு புலம்ப வேண்டியதாச்சு. 2018-ல பிரீமியர் லீக்கை விட்டே இறங்கினாங்க. சிரிச்சவன் வீட்டு வாசல்ல அடுத்த வண்டி நிக்கிறது அங்கேயும் நடந்திருக்கு.

எங்க வாசல்லயும் நின்னதே! 2021 ஜூலை 21. ஸ்ரீ சிமென்டோட இறுதி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதா வேண்டாமான்னு இழுபறி. போடுன்னு ஒரு கூட்டம், போடாதேன்னு ஒரு கூட்டம், ரெண்டுமே ஈஸ்ட் பெங்கால் கூட்டம். மைதானத்துல எங்க கிளப் டென்ட்டுக்கு வெளியே மோதிக்கிட்டோம், போலீஸ் தடியடி நடத்தினாங்க. சிவப்பு-மஞ்சளை சிவப்பு-மஞ்சளே அடிச்ச அன்னைக்கு, எதிரியே தேவைப்படலை.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் ரெண்டே விஷயம்.

ஈஸ்ட் பெங்கால் எப்படிப் பிறந்தது? 1920 ஜூலை 28, ஜோராபகான் அணிக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபகான் நிர்வாகம் சைலேஷ் போஸை அணியில எடுக்கலை. கோபப்பட்டு வெளியே வந்த சுரேஷ் சந்திர சௌத்ரி, ஆகஸ்ட் 1-ம் தேதி புது கிளப் ஆரம்பிச்சுட்டார். எங்க கிளப்போட பிறப்புக் கதையிலேயே மோகன் பகான் பேர் இருக்கு. அந்தப் பேர்ல ஒருத்தன் கை வைக்கிறப்போ நான் எப்படி வேடிக்கை பார்ப்பேன்?

2024 ஆகஸ்ட் 18. டூரண்ட் டெர்பி நடக்க வேண்டிய நாள். ஆர்.ஜி.கர் மருத்துவமனையில கொல்லப்பட்ட மருத்துவருக்கு நியாயம் கேட்டு ஊரே கொந்தளிச்சிருந்த நேரம். பாதுகாப்பு இல்லைன்னு ஆட்டத்தை ரத்து பண்ணினாங்க. ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு ரசிகன் வந்தான். எங்க ஆளு, அவங்க ஆளு, முகமதன் ஸ்போர்ட்டிங் ஆளு, மூணு கொடியும் ஒரே ரோட்டுல. ஒரு கிளப்காரன் தோள்மேல இன்னொரு கிளப்காரன். போலீஸ் தடியடிக்கும் சேர்ந்தே நின்னாங்க. அங்கே படகு இருந்தது, தீப்பந்தம் இருந்தது. எந்தக் கம்பெனி லோகோவையும் யாரும் தோள்ல தூக்கினதா நான் பார்க்கலை. அடுத்த வருஷம் ஜூலையில ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் என்னாகும்னு தெரியாம ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வெச்சாங்களே, அப்ப ‘சூப்பர் ஜெயன்ட்’டுக்கும் ஆட்டம் இல்லை, ஒன்பதாம் இடத்துக்கும் ஆட்டம் இல்லை.

மணி அடிச்சாச்சு. அடுத்து கொண்டாட்ட அணியில இருந்து பேச வர்ற தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி வெச்சுட்டு உட்கார்றேன். 2020 நவம்பர் 27, ஐ.எஸ்.எல்.லோட முதல் டெர்பி, 2-0ன்னு தோத்தோமே, அது யார்கிட்ட தம்பி? ஏடிகேன்னா, உங்களுக்கு இந்த ஊர்ல எதிரியே கிடையாது, துண்டை மடிச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க. மோகன் பகான்னா, அந்தப் பேரை மறைச்ச மூணு எழுத்தைப் பார்த்து எதுக்குச் சிரிச்சீங்க? பதில் சொல்லிட்டு அப்புறமா ஜோக் அடிங்க. நன்றி, வணக்கம்.