போர்வெல் கேசிங்: பைப் எங்கே நிற்க வேண்டும்?

(திரையில்: போர்வெல்லுக்குள் இறங்கும் கேமராவின் படம்)

இது பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு போர்வெல். சின்ன கேமராவை ஒயரில் கட்டி உள்ளே இறக்கியிருக்கிறோம். நீல நிற பைப் வழவழவென்று போகிறது. ஓரத்தில் ஓடும் எண்ணைப் பாருங்கள்: 38 அடி, 39, 40. இங்கே பைப் முடிகிறது. அதன் விளிம்பை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு வழிகிறதே, அதுதான் மூன்று வருடமாக எங்களைப் படுத்தியது. மழை பெய்த மறுநாள் பக்கெட்டில் தண்ணீர் டீ நிறத்தில் வரும். சாக்கடை வாடையும் சேர்ந்தே வரும்.

அந்த நீல பைப்தான் கேசிங். ஆயிரம் அடி போர் என்றால் ஆயிரம் அடிக்கும் பைப் இருக்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. மேலே செம்மண், அப்புறம் கையால் அழுத்தினாலே உதிரும் சுக்காம்பாறை, அதற்கும் கீழே கெட்டிக் கல். லால்பாக்கில் ஏறி நின்று படம் எடுப்போமே, ஏறக்குறைய 300 கோடி வயதான அந்தப் பாறையின் இனம்தான் ஊருக்கு அடியிலும். கெட்டிக் கல்லில் போட்ட துளை தானாகவே நிற்கும், தண்ணீர் அதன் வெடிப்புகளில் இருந்து வரும். அதனால் மண்ணும் சுக்கானும் இருக்கும் மேல் பகுதிக்கு மட்டும்தான் பைப். சென்னைக் கடலோர மணலில் வேறு கதை. அங்கே துளை நிற்காது, கீழே வரை பைப் இறக்கி, அந்தப் பைப்பில் போட்ட கீறல் வழியாகத் தண்ணீரை உள்ளே விட வேண்டும்.

கேசிங்குக்கு இரண்டு வேலை. மண் சரிந்து மோட்டாரை மூடாமல் தடுப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வேலையை யாரும் பேசுவதில்லை: மேல்மட்டத் தண்ணீரை உள்ளே விடாமல் நிறுத்துவது. கசியும் சாக்கடைக் குழாய், பக்கத்து வீட்டு மலக்குழி எல்லாம் அந்த மேல்மட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட் என்ற உப்புக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு.

சரி, எங்கள் போரில் என்ன தப்பு நடந்தது?

(திரையில்: போர் வண்டி, வெளியே பறக்கும் தூள்)

இந்த ஊருக்கு வரும் போர் வண்டிகளில் பல திருச்செங்கோட்டு வண்டிகள். அன்று வந்தவர்களும் நம் ஆட்கள்தான். 40 அடியில், துளை போடும் ஹேமரின் சத்தம் மாறியது. "சார், கல்லு பட்டுருச்சு, கேசிங் இறக்கிடலாமா?" என்று கேட்டார்கள். கேசிங்குக்கு அடிக்கணக்கில் தனிக் காசு என்பதால் அப்பாவும் உடனே சரி என்றார். ஆனால் பட்டது உருண்டைக் கல். சுக்காம்பாறைக்கு நடுவே இப்படிப் பெரிய கற்கள் தனியாகக் கிடக்கும். கெட்டிப் பாறை 58 அடியில்தான் ஆரம்பித்தது.

இதைக் கண்டுபிடிக்கத் தூளைப் பாருங்கள். செம்மண் முடிந்து, மஞ்சள் கலந்த ஈரமான பொடிக்கல் வரும். அது நின்று, சாம்பல் நிறத்தில் காய்ந்த தூள் புகை மாதிரி கிளம்பினால் பாறை. உடனே நிறுத்த வேண்டாம். "அண்ணே, இன்னும் பத்து அடி போங்க" என்று சொல்லுங்கள். மறுபடி மஞ்சள் வந்தால் அது உருண்டைக் கல்தான். பத்து அடியும் சாம்பல் தூளாகவே வந்தால், பைப்பின் நுனி அந்தப் பாறைக்குள் போய் உட்கார வேண்டும்.

பைப்பை வாங்கும்போது அதன் மேல் ஐஎஸ் 12818 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். போர்வெல் பிவிசி கேசிங்குக்கான தரம் அது. ஒவ்வொரு பைப்பாக இறக்கி, மரையை முழுக்க முறுக்கி, நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். 7 அங்குல பைப்புக்கு 10 அங்குலத் துளை போட்டால் சுற்றிலும் ஒன்றரை அங்குல இடைவெளி கிடைக்கும். அதில் பெரும்பாலும் கிடக்கிற மண்ணையே தள்ளி மூடிவிடுகிறார்கள். அந்த மண் வழியாகச் சாக்கடை நேராகக் கீழே இறங்கும். பைப் போட்டதே வீண். செய்ய வேண்டியது, மெல்லிய குழாயை இடைவெளியின் அடிவரை விட்டு, சிமெண்ட் பாலைக் கீழிருந்து மேலே நிரப்புவது. அது இறுகிய பிறகுதான் ஆறரை அங்குல பிட்டை, அதாவது துளைக்கும் முனையை, கேசிங்குக்குள் விட்டு மேற்கொண்டு துளைக்க வேண்டும். வண்டிக்காரர்கள் காத்திருக்க விரும்ப மாட்டார்கள். நின்றால் அவர்களுக்கு நஷ்டம், அதுவும் நியாயம்தான். அதனால் ஒரு ராத்திரி வண்டி நிற்கும் காசையும் முன்கூட்டியே பேசி, குடிநீர் வாரிய அனுமதி கையில் வந்ததும் தேதி குறியுங்கள்.

மேலே பைப் தரைக்கு மேல் நிற்க வேண்டும். கைவிட்ட போர்களில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன அளவு இது: கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்ட் மேடை, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30. வாயில் வெல்டிங் வைத்த இரும்புத் தகடு அல்லது போல்ட் போட்ட மூடி. 2019இல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்தபோது இந்த உத்தரவுக்கு ஒன்பது வயது. சாக்கு போட்டுக் கட்டி வைப்பது மூடி ஆகாது.

(திரையில்: மெல்லிய பைப் இறங்கும் காட்சி)

எங்கள் போரை இப்படித்தான் சரி செய்தோம். மோட்டாரை மேலே எடுத்து, உள்ளே 5 அங்குல பைப்பை 80 அடி வரை இறக்கினோம். அதன் அடியில் ரப்பர் அடைப்பு, மேலே சுற்றிலும் சிமெண்ட் பால். 4 அங்குல மோட்டார் அதற்குள் போய்விடுகிறது. அடுத்த மழையில் பக்கெட்டில் நிறம் மாறவில்லை, வாடையும் இல்லை. நைட்ரேட் மெதுவாகத்தான் இறங்குகிறது. குடிக்க இன்னும் காவிரித் தண்ணீர்தான்.