ராத்திரி முழுக்கக் கத்தும் பூனையை என்ன செய்வது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. மதுரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் எட்டு மாதப் பெட்டைப் பூனை. ஒரு வாரம் ராத்திரி முழுக்கக் குழந்தை அழுவது போலக் கத்துகிறது, தரையில் புரள்கிறது, அப்புறம் பத்து நாள் அமைதி, மறுபடி ஆரம்பிக்கிறது. போதாததற்குத் தினமும் விடியற்காலை நாலரைக்குப் படுக்கையறைக் கதவைப் பிறாண்டுகிறது. மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். "சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வா" என்று மாமியார் சொல்கிறாராம். விடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம்மா. மீன் மார்க்கெட்டில் ஏற்கெனவே கடுவன்கள், அதாவது ஆண் பூனைகள், இடம் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் வளர்ந்த குட்டி அங்கே கடிபடும், பட்டினி கிடக்கும். அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நீங்கள் சொல்வதில் இரண்டு குரல் இருக்கிறது. ராத்திரிக் கத்தல் உங்களைப் பார்த்து அல்ல, வெளியே இருக்கும் கடுவனைப் பார்த்து. உங்கள் பூனை பருவத்துக்கு வந்திருக்கிறது. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இப்படித் திரும்பத் திரும்ப வரும். நம் ஊரில் பகல் நேரம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை, அதனால் இதற்குத் தனியாக ஒரு மாதம் கிடையாது. திட்டினாலோ தண்ணீர் தெளித்தாலோ நிற்காது. கருத்தடை அறுவை சிகிச்சைதான் வழி. இப்போது அந்த அமைதியான பத்து நாள் என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். சிலர், "ஊசி போட்டு நிறுத்திவிடலாமே டாக்டர்" என்பார்கள். அந்த ஹார்மோன் ஊசியால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து வந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நாலரை மணிக் குரல் வேறு. அது உங்களுக்கானது. நம் பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன்: வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது மிக அரிது. குட்டி தாயிடம் சொல்லும். வளர்ந்த பிறகு நம்மிடம் சொல்லும். எந்தக் குரலுக்கு நீங்கள் எழுந்து வருகிறீர்கள் என்று பார்த்து, அதையே வைத்துக்கொள்ளும்.

கும்பகோணத்தில் அம்மா ஒரு சாம்பல் பூனை வைத்திருந்தார். அப்போது பால்காரர் நாலரைக்கு வருவார். பால் வாங்கியதும் பூனைக்கு ஒரு கரண்டி. பிறகு பாக்கெட் பால் வந்தது, ஆறு மணிக்கு எழுந்தால் போதும். பூனை விடுமா? நாலரைக்குக் கதவடியில் கச்சேரி. நான் அப்போதுதான் படிப்பு முடித்திருந்தேன். "எழுந்திருக்காதே, தானாக நின்றுவிடும்" என்றேன். நிற்கவில்லை, முன்னைவிட அதிகமாகக் கத்தியது. எட்டாம் நாள் அம்மா, "பாவம், தொண்டை கிழிகிறது" என்று எழுந்து பால் வைத்துவிட்டார். எட்டு நாள் கத்தினால் பால் வரும் என்று பூனை கற்றுக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மூன்று வாரம் யாரும் எழவில்லை. அப்புறம்தான் நின்றது.

அதனால் சகோதரி, வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு ஆரம்பியுங்கள். நடுவில் ஒருவர் எழுந்தால் பழைய கதைதான். பூனை இயல்பாகவே அந்தி நேரத்திலும் விடியும் நேரத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும். படுக்கப் போகும் முன் கால் மணி நேரம் ஒரு கயிற்றை இழுத்து ஓடவிடுங்கள், களைத்த பிறகு வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். காலைச் சாப்பாட்டை நீங்கள் எழுந்த உடனே வைக்க வேண்டாம், பல் துலக்கி, காபி குடித்துவிட்டு வையுங்கள். நீங்கள் எழுவதற்கும் அதன் சாப்பாட்டுக்கும் இருக்கிற முடிச்சு அவிழட்டும்.

உங்களுடையது சின்னப் பூனை. பத்து வயது தாண்டிய பூனை புதிதாக ராத்திரியில் கத்த ஆரம்பித்தால் இந்தப் பயிற்சியெல்லாம் செய்யாதீர்கள். தைராய்டு, ரத்த அழுத்தம், காது கேளாமை என்று காரணம் இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கத்தும் பூனையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். திடீரென்று அடங்கிப்போன பூனையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன். பூனை வலியை மறைக்கும். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பிடவில்லை என்றால் "சத்தம் இல்லை, நிம்மதி" என்று விட்டுவிடாதீர்கள். முக்கியமாகக் கடுவன். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பு. மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை அரை மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். அப்படிக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் பூனை மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான்.