எல்லை தாண்டி பெட்ராவுக்கு: பாறையில் ஓடிய கால்வாய்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் எங்களுக்காக வந்து அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொதுப்பணித்துறையிலிருந்து வந்திருக்கும் பொறியாளர் தம்பி அவர்களே, மாதந்தோறும் இந்த அரங்கைத் திறந்துவிட்டு, கூட்டம் முடிந்து கடைசி ஆள் போகும்வரை காத்திருந்து பூட்டும் நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் நான் ஒன்பதாம் வகுப்பில் புவியியல் படித்தவன். உலகப்படத்தில் செங்கடலை முதன்முதலில் விரலால் தொட்டுக் காட்டியவர் அவர்தான். அதே செங்கடலின் வடமுனையில் ஒரு எல்லையைத் தாண்டிய கதையை அவர் முன்னாலேயே சொல்லக் கிடைத்ததை என் பேறாக நினைக்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, எல்லையைக் கடந்த அனுபவம். இரண்டு, ஜோர்டானில் இருக்கும் பெட்ரா என்ற பழைய வணிக நகரமும் அதன் எழுத்தும். மூன்று, தண்ணீர். இதையெல்லாம் கட்டிப்போட ஒரு பழமொழி இருக்கிறது: சிறு துளி பெருவெள்ளம். அதை எங்கே கேட்டேன் என்று பிறகு சொல்கிறேன்.

2023 பிப்ரவரியில் புனித பூமிக்குப் போன ஒரு குழுவோடு போயிருந்தேன். எருசலேம் பார்த்து, சாக்கடல் பார்த்து, இஸ்ரேலின் தென்கோடியில் இருக்கும் ஏலாத் வந்தோம். அங்கிருந்து வாதி அரபா எல்லையைத் தாண்டினால் ஜோர்டானின் அகபா. நாங்கள் வந்த பேருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் வராது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் வெளியேறும் கட்டணம், முத்திரை. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாதது போல ஒரு நீண்ட சாலை, இரு பக்கமும் வேலி. அப்புறம் மறுபக்கத்து முத்திரை, புதிய பேருந்து, புதிய வழிகாட்டி. இரு நாடுகளுக்கும் இடையே 1994 அக்டோபர் 26 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது இந்த எல்லைப் பக்கத்தில்தான். அந்த ஒப்பந்தத்தில் தண்ணீருக்கென்றே தனிப் பிரிவு உண்டு, யாருக்கு எந்த ஆற்றில் எவ்வளவு என்று. பொறியாளர் தம்பி இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அகபாவிலிருந்து இரண்டு மணி நேரம் போனால், பெட்ராவை ஒட்டியிருக்கும் ஊரான வாதி மூசா. மோசே பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைத்த இடம் என்று அந்த ஊர் மக்கள் நம்பும் ஊற்று அங்கே இருக்கிறது. இன்றும் தண்ணீர் ஓடுகிறது. தூரத்தில் ஒரு மலையுச்சியில் வெள்ளைப் புள்ளி போலத் தெரிவது மோசேயின் அண்ணன் ஆரோனின் கல்லறை என்கிறார்கள். 1812இல் பர்க்ஹார்ட் என்ற சுவிஸ் நாட்டுக்காரர், ஷேக் இப்ராஹிம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆரோனுக்கு ஆடு பலியிடப் போகிறேன் என்று சொல்லித்தான் இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார். ஐரோப்பா மறந்திருந்த நகரம் அப்படித்தான் மறுபடி வெளியே தெரிந்தது.

நகரத்துக்குள் போக வழி, பாறை பிளந்த ஓர் இடுக்கு. 'சிக்' என்கிறார்கள். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அளவுதான் தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, விவசாயக் குடும்பம், "வண்டி வேண்டாம் தம்பி, வரப்பில் நடந்த கால் இது" என்று சொல்லிவிட்டு என்னோடு நடந்தார். மற்றவர்களெல்லாம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் போய்விட்டார்கள். அம்மா மட்டும் சுவரோரமாகவே வருகிறார். இடுப்பு உயரத்தில் பாறையில் வெட்டிய ஒரு கால்வாய் கூடவே வருகிறது. அதற்குள் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வருகிறார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். கால்வாயின் நடுவே சின்னத் தொட்டி போல ஒரு குழி.

"தம்பி, அந்த வழிகாட்டித் தம்பியைக் கூப்பிடு. இதில் தூர் யார் எடுத்தார்கள் என்று கேள்."

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த மனிதர் அந்தப் பகுதியின் பெதுயின், அதாவது பாலைவன நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஹாஜ்ஜா, இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை" என்றார். அங்கே வயதான பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். பிறகு அவர் எங்களை விடவே இல்லை. அந்தக் குழி வண்டல் படிவதற்காக வெட்டியது. மண் அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் மேலே தாண்டிப் போகும். எதிர்ச்சுவரைக் காட்டினார். அங்கே சுட்ட மண் குழாய்கள், ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று செருகி, சுண்ணாம்புச் சாந்து பூசிச் சேர்த்தவை. நாங்கள் பார்த்த ஊற்றிலிருந்துதான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெட்ராவை ஆண்ட நபதேயர்கள் என்ற அரபு மக்கள் இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர் அது!

அம்மா அந்தக் குழிக்குள் கையை விட்டு, காற்று கொண்டுவந்து போட்டிருந்த மணலை ஒரு பிடி அள்ளி வெளியே போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, "சிறு துளி பெருவெள்ளம்" என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டியின் முகம் மாறியது. "இங்கே அது அப்படியே நடந்தது" என்றார். 1963 ஏப்ரலில் மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இந்த இடுக்குக்குள் பாய்ந்து 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்துபோனார்கள். நாங்கள் நின்ற அதே பாதை. நபதேயர்கள் இதற்கும் வழி செய்து வைத்திருந்தவர்கள்தான். சிக்கின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து ஏறக்குறைய 88 மீட்டர் சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பியிருந்தார்கள். அணை சிதைந்தது, காலப்போக்கில் கவனிப்பாரும் இல்லை. இறப்புகளுக்குப் பிறகு 1964இல்தான் அதே இடத்தில் மீண்டும் அணை எழுப்பினார்கள்.

எங்களைத் தேடிக்கொண்டு குழுத்தலைவர் திரும்பி ஓடிவந்தார். பாறையின் கடைசி வளைவைத் தாண்டியதும் ரோஜா நிறத்தில் 'கஸ்னே' என்ற பாறைக் கட்டட முகப்பு தெரிந்தது. ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், மேலிருந்து கீழாகச் செதுக்கியது. உச்சியில் இருக்கும் கற்கலசத்தில் புதையல் இருக்கிறது என்று நம்பி ஒரு காலத்தில் சுட்ட துப்பாக்கித் தழும்புகள் அதில் இருக்கின்றன. எல்லாரும் வாயைப் பிளந்து நின்றோம். அந்த அம்மா, "இதன் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டார்.

வணிகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தென் அரேபியாவின் நறுமணப் பிசின்களான குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் ஒட்டகங்களின் முதுகில் பெட்ரா வழியாக காசா துறைமுகத்துக்குப் போயின. அந்த வழியை நபதேயர்கள் கையில் வைத்திருந்தது வாள் பலத்தால் என்று நினைக்கிறோம். பாலைவனத்தில் எங்கே தண்ணீர் என்று அவர்களுக்கு மட்டும் தெரியும், அதுதான் அடிப்படை. வாய் குறுகலாகவும் உள்ளே போகப்போக அகலமாகவும் நிலத்தடித் தொட்டிகளை வெட்டி, மழைநீரை நிரப்பி, தங்களுக்கு மட்டும் விளங்கும் அடையாளம் வைத்து மூடிவிடுவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். படையெடுத்து வந்தவனுக்குத் தாகம், இவர்களுக்குத் தண்ணீர். கி.பி. 106இல் ரோமர்கள் நாட்டை இணைத்துக்கொண்டார்கள். செங்கடல் வழியாகக் கப்பல் போக்குவரத்து பெருகப் பெருக ஒட்டக வழி தளர்ந்தது. அந்தக் கப்பல்களில் நம் மிளகும் போனது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் ஏழரைக் கிலோ மிளகோடு ஒரு தாழியே தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. நபதேய எழுத்திலிருந்து அரபு எழுத்து வளர்ந்ததைப் பற்றியும் பேச வேண்டும். நேரம் போய்விட்டது, தலைவர் ஐயா அனுமதித்தால் அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஜோர்டானில் இரவு தங்குபவருக்கு ஒருநாள் நுழைவுச்சீட்டு 50 தினார். எல்லையைத் தாண்டி வந்து தங்காமல் திரும்புகிறவருக்கு 90 தினார். தங்குங்கள். காலையில் கூட்டம் வருவதற்கு முன் நடந்தால் அந்தக் கால்வாயைத் தொட்டுப் பார்க்கலாம்.

பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நம் பெரிய ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயில் குப்பையும் கருவேலமும்தான் இருக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் ஏரிக்குப் போவதில்லை, தெருவுக்கு வருகிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பதன் இரண்டு பொருளையும் நாம் ஒரே மழையில் பார்த்துவிட்டோம். கால்வாயின் பழைய அளவு வரைபடத்தைத் தேடித் தருவதாகப் பொறியாளர் தம்பி மேடைக்கு வருமுன் சொன்னார், அவருக்கு நன்றி. குப்பை அள்ள டிராக்டர் தருவதாகத் தலைவர் ஐயா சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகுக்கு வாருங்கள். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். நன்றி, வணக்கம்.