மழைக்கும் கவராயத்துக்கும் ஒரு நாள்

வணக்கம். இந்தப் பேச்சு, மாணவர்களைக் கற்றல் பயணம் அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு.

ஒரே நாளில் இரண்டு இடங்கள். காலையில் சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டும் அதிலுள்ள நீடித்த நிலைத்தன்மைக் காட்சிக்கூடமும். மதியத்துக்குமேல் எம்பிரஸ் பிளேஸில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் இஸ்லாமியக் கலைக்கூடம். வரிசையை மாற்றாதீர்கள். அணைக்கட்டின் புல்தரைக் கூரையில் நண்பகல் வெயிலில் பிள்ளைகள் நிற்கமாட்டார்கள்.

கூரைக்கு ஏறியதும் எல்லாரும் படமெடுக்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்குமுன் ஒரு கேள்வி போடுங்கள்: சிராங்கூன் ரோட்டில் பெய்யும் மழை எங்கே போகிறது? ரோச்சோர் கால்வாய் வழியாக இங்கேதான். நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 10,000 ஹெக்டர், அணைக்கட்டு தேக்கிவைக்கும் இந்த நீர்த்தேக்கத்தில் வடிகிறது.

2008இல் திறந்த அணைக்கட்டில் ஒன்பது எஃகுக் கதவுகள். கடல் வற்றமாக இருக்கையில் கனமழை கொட்டினால் கதவைச் சாய்த்தால் போதும், தண்ணீர் தானாக ஓடிவிடும். கடல் ஏற்றத்தில் அதே மழை வந்தால்? கதவைச் சாய்த்தால் உப்புநீர் உள்ளே புகுந்துவிடும். அப்போதுதான் பம்புகளுக்கு வேலை. மொத்தம் ஏழு, ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும். பெருக்கலை மாணவர்களிடமே விடுங்கள்: 280. ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்றின் கொள்ளளவு 2,500 கன மீட்டர் என்று வைத்தால், அதைக் காலி செய்ய ஒன்பது வினாடிகூட ஆகாது.

அரும்பொருளகத்துக்கு முதல்நாளே வகுப்பில் தயாராகுங்கள். இஸ்லாமியக் கலையின் நட்சத்திர வடிவங்களை மாணவர்கள் கவராயத்தால் வரைந்து பார்க்கட்டும். 5 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், செங்குத்தாக வெட்டும் இரண்டு விட்டங்கள், அந்த நான்கு புள்ளிகளை இணைத்து ஒரு சதுரம். விட்டங்களுக்கு இடைப்பட்ட கோணங்களைச் சரிபாதியாக்கி இன்னொரு சதுரம். எண்முனை நட்சத்திரம் வந்துவிடும். ஆறுமுனைக்கு, கவராயத்தை அதே ஆரத்தில் விரித்தபடி வட்டத்தின்மேல் ஆறு முறை அடியெடுத்து வைக்க வேண்டும். கடைசி அடி முதல் புள்ளியில் சேராமல் போவதுதான் எல்லா வகுப்பிலும் நடப்பது. கவராயத் திருகு தளர்ந்து விரிவு அரை மில்லிமீட்டர் கூடினாலே, ஆறாவது அடியில் மூன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அழித்துத் திருத்தவிடாதீர்கள், திருகை இறுக்கி முதலிலிருந்து போடட்டும். அந்தப் பிழையைக் கையால் செய்தவர்தான் நட்சத்திர வடிவம் பதித்த ஓர் ஓட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.

கூடத்துக்குள் பென்சில் மட்டும் போதும். கவராயம் பையிலேயே இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே வேலை: ஒரு வடிவத்தைத் தேர்ந்து, முனைகளை எண்ணி, அது எங்கே திரும்ப ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் வரைய வேண்டும். விளக்க அட்டையை எழுதியெடுப்பது கணக்கில் சேராது.

ஏட்டுப்பிரதி எதையும் குறிப்பிட்டுக் கேள்வி அமைக்காதீர்கள். தாளும் மையும் ஒளியில் மங்கும். அதனால் அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு விளக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்ச அளவில்தான் இருக்கும், பக்கங்களையும் அவ்வப்போது மாற்றுவார்கள். போன வருடம் பார்த்த ஏடு இந்த வருடம் பெட்டகத்தில் ஓய்வெடுக்கலாம்.

இன்னொன்று. இரண்டு இடங்களையும் முடிச்சுப்போட்டு ஒரே கட்டுரை கேட்காதீர்கள். பிள்ளைகள் இல்லாத தொடர்பை அழகாக எழுதித் தந்துவிடுவார்கள். இரண்டு தாள், இரண்டு மதிப்பெண். திரும்பும்போது கேவனா பாலம் வழியாக ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டிக்கு நடந்துவிடலாம். பாலத்தில் நின்று கீழே காட்டுங்கள்: அந்த ஆற்றுநீரும் காலையில் பார்த்த தேக்கத்துக்குத்தான் போகிறது.