அங்கன்வாடிக் குழந்தைகள் பற்றிய ஆய்வுக்குப் பணம் எங்கே, துணை யார்? ஒரு கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் மனையியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாராம். அவர் எழுதியதையே படித்துவிடுகிறேன். "வணக்கம் மேடம். அங்கன்வாடியில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள், எப்படி எண்ணக் கற்கிறார்கள் என்று ஆய்வு செய்ய ஆசை. எங்கள் கல்லூரியில் நிதி கிடையாது. யாரிடம் பணம் கேட்பது? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஏதாவது சேர்ந்தால்தான் கிடைக்கும் என்கிறார்கள், உண்மையா?"

இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் அந்தக் கடைசி வரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வந்தால்தான் பணம் வரும் என்பது உண்மை இல்லை. உங்களுக்கு முதலில் வேண்டிய துணை உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார், அவர் அங்கன்வாடி சூப்பர்வைசர், அவருக்கு மேலே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதாவது எல்லோரும் சிடிபிஓ என்று சொல்கிறோமே அவர். இவர்கள் இல்லாமல் எத்தனை லட்சம் கையில் இருந்தாலும் ஒரு குழந்தையின் பக்கத்தில்கூட உங்களால் உட்கார முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னுடைய முதல் ப்ரொபோசலில் ஆறு மாதம் உழைத்தேன், நூல் ஆய்வு, கருதுகோள், புள்ளியியல் முறை எல்லாம் அழகாக இருந்தது. திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான், நீங்கள் சொல்லும் நாற்பது மையங்களுக்குள் போக யார் அனுமதி கொடுத்தார்கள், கடிதம் எங்கே? என்னிடம் கடிதம் இல்லை. அதைவிட எனக்கு வலித்தது என்னவென்றால், அந்த நாற்பது மையங்களில் ஒன்றில்கூட நான் ஒரு முழுக் காலைப் பொழுது உட்கார்ந்ததில்லை. பணம் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையை நான் செய்யவே இல்லை.

அதனால் நீங்கள் முதலில் ஒரு மையத்துக்குப் போங்கள். காலையில் குழந்தைகள் வரும் நேரத்திலிருந்து சாப்பிட்டுத் தூங்கும் வரை இருங்கள். டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் பதிவேடு எழுதுகிறார், எடை பார்க்கிறார், செல்பேசி ஆப்பில் விவரம் ஏற்றுகிறார், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார், இதற்கு நடுவில் பாட்டும் கதையும். அவரிடம் ஒன்று கேளுங்கள், "உங்களுக்கு எது தெரிய வேண்டும்?" என்று. பல ஊர்களில் எனக்குக் கிடைத்த பதில் இது: மூன்று வயது ஆனதும் பிள்ளைகளைப் பக்கத்துத் தனியார் பள்ளி எல்கேஜிக்கு மாற்றிவிடுகிறார்கள், இங்கேயே இருந்த பிள்ளைக்கும் அங்கே போன பிள்ளைக்கும் ஒன்றாம் வகுப்பில் என்ன வித்தியாசம் என்று யாராவது பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். இது அருமையான ஆய்வுக் கேள்வி. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்களே, அதற்குப் பின்னால் இருந்ததும் இதே கவலைதான். துறைக்கே பதில் தேவைப்படுகிற கேள்வியோடு நீங்கள் சிடிபிஓ முன்னால் போய் நின்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அவர் மாவட்டத் திட்ட அலுவலரிடம் சொல்வார், தேவைப்பட்டால் தரமணியில் இருக்கும் இயக்குநரகம் வரை கடிதம் போகும். நாள் பிடிக்கும், நான் பார்த்தவரை மூன்று நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டு என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது அதுதான். கணிமியான், முரளிதரன், வால்டர்ஸ் என்று மூன்று பொருளாதார அறிஞர்கள், மாநில அரசின் குழந்தை வளர்ச்சித் துறையோடு சேர்ந்து 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள், மீதிப் பாதி அப்படியே இருந்தது. சுமார் ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது, மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். இன்னொன்றும் நடந்தது, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. பழைய டீச்சருக்குக் கை கொஞ்சம் ஓய்ந்ததும் அவரால் சத்துணவு, உடல்நலம் பக்கம் கூடுதல் நேரம் கொடுக்க முடிந்தது. 2024ல் உலகின் முன்னணிப் பொருளாதார இதழ் ஒன்றில் இது வெளிவந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள், எந்த மையத்துக்கு ஆள் போடுவது என்பதைக் குலுக்கலுக்கு விட ஒரு அரசுத் துறை சம்மதித்திருக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாமல் எவ்வளவு பெரிய நிதி வந்தாலும் இந்த ஆய்வு நடந்திருக்காது.

உங்களுக்கு 640 மையம் வேண்டாம். பன்னிரண்டு போதும்.

அப்புறம், துறைக்கு வெளியே யாரோடு சேர்வது? உங்களுக்குக் குழந்தை வளர்ச்சி தெரியும், ஆனால் புள்ளிவிவரம் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், அவரைத் திட்டம் போடும்போதே உள்ளே கொண்டுவாருங்கள். தரவு எல்லாம் எடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் கேட்கலாம், சென்னையில் எம்ஐடிஎஸ் போன்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் கேட்கலாம். மாவட்டத்தில் இருக்கும் டயட், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அதன் விரிவுரையாளர்களை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பு வரை குழந்தையைப் பின்தொடர வேண்டுமானால் பள்ளிக்கல்வித் துறைக்குள் உங்களுக்கு வழி திறந்துவிடக்கூடியவர்கள் அவர்கள். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம், காந்திகிராமம் மாதிரி இடங்களில் இதே துறையில் பல வருடமாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை இணை ஆய்வாளராகக் கேளுங்கள்.

அளவுகோலையும் புதிதாக உருவாக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் கற்றலையும் வளர்ச்சியையும் அளக்க சேவ் த சில்ட்ரன் அமைப்பின் ஐடெலா இருக்கிறது. நம் ஊரிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், மையத்தின் சூழலை மதிப்பிடத் தமிழ்நாட்டுக்கென்று டெசர்ஸ் என்ற அளவுகோலை உருவாக்கினார்கள். அங்கே இந்தத் துறையை வளர்த்த மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972ல் கொடுத்த அறிக்கைக்கு, 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் ஐசிடிஎஸ், அதாவது அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், தொடங்கியதில் பெரிய பங்கு உண்டு. இந்த வரலாறு உங்கள் ப்ரொபோசலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், நம் ஆட்கள் செய்த வேலையை விட்டுவிட்டு நேரே அமெரிக்க ஆய்விலிருந்து தொடங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வெளியிலிருந்து வரும் அளவுகோலை எடுத்தால் படங்களை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். ஸ்ட்ராபெர்ரி படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் குழந்தை பேசாமல் இருக்கும், அதைப் பார்த்துச் சொல்வளம் குறைவு என்று எழுதிவிடுவோம். கொய்யாவைக் காட்டுங்கள்.

இப்போது பணம். சின்னதிலிருந்து பெரியது என்று போகலாம்.

உங்கள் முதுகலை மாணவிகள் மூலம் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொகை சிறியதுதான், ஆனால் முன்னோட்ட ஆய்வுக்குப் போதும், அடுத்த இடத்தில் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்கும். பிஎச்டி செய்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது, நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் இப்போது மாதம் 37,000 ரூபாய். அடுத்தது டெல்லியில் இருக்கும் ஐசிஎஸ்எஸ்ஆர், சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கென்று 1969ல் தொடங்கியது. சிறு திட்டம், பெரும் திட்டம் இரண்டும் உண்டு, கல்லூரி ஆசிரியருக்குப் பொருத்தமான இடம் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தவணையாக வரும், பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை, அதனால் உங்கள் கல்லூரி கணக்குப் பிரிவோடு முதல் நாளிலேயே பேசிவிடுங்கள். பள்ளிப் பாடத்திட்டம் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டியில் எரிக் என்று ஒரு குழு இருக்கிறது, கல்வி ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கிறது. 2020 கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை அடித்தள நிலை என்று ஒரே கட்டமாக ஆக்கி, 2022ல் அதற்கென்று தேசியப் பாடத்திட்டச் சட்டகமும் வந்துவிட்டது, ஆகவே முன்பருவக் கல்வி ஆய்வு அவர்களுக்கு அந்நியமான பொருள் இல்லை.

சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் நிதி, அதைப் பற்றி நிறைய பேர் நம்பிக்கையோடு கேட்கிறீர்கள். சட்டப்படி, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனம், கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அவர்கள் எத்தனை குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பார்கள், ஆய்வு என்றால் தயங்குவார்கள். ஒரு தொண்டு நிறுவனம் முப்பது மையங்களில் கதைப் புத்தகம், விளையாட்டுப் பொருள் கொடுக்கும் திட்டத்தை சிஎஸ்ஆரில் நடத்துகிறது என்றால், அதன் பலனை அளக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் போவதற்கு முன்னாலேயே அளவெடுக்க உள்ளே போய்விட வேண்டும், முடிந்த பிறகு கூப்பிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

வெளிநாட்டு நிதியில் ஸ்பென்சர் அறக்கட்டளையைச் சொல்லலாம், சிகாகோவில் இருக்கிறது, கல்வி ஆய்வுக்கு மட்டுமே கொடுப்பவர்கள். சிறு நிதி 50,000 டாலர் வரை, எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், முதன்மை ஆய்வாளருக்கு முனைவர் பட்டம் இருக்க வேண்டும். ஆனால் இங்கே எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டுப் பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் கல்லூரிக்கு அந்தப் பதிவோ முன் அனுமதியோ இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பணத்தை வாங்க முடியாது. முன்பெல்லாம் பதிவு உள்ள ஒரு பெரிய அமைப்பு வாங்கி, பதிவு உள்ள இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 2020 திருத்தத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள், நிர்வாகச் செலவு உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். சட்டத்தால் அமைக்கப்பட்டு சிஏஜி, அதாவது மத்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. எனவே வெளிநாட்டுப் பணம் என்றால் அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்று முதன்மையாக இருந்து, நீங்கள் அதில் இணை ஆய்வாளராக இருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெளிநாட்டுப் பேராசிரியர் யாராவது தானாகவே வந்து சேரலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியை யார் தீர்மானிப்பது, தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை முதல் மாதத்திலேயே எழுதி வாங்குங்கள். வெயிலில் மையம் மையமாக அலைந்து தரவு எடுத்தவரின் பெயர் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல உங்கள் பட்ஜெட்டில் அங்கன்வாடி டீச்சருக்கும் உதவியாளருக்கும் அவர்கள் கொடுக்கும் நேரத்துக்கு மதிப்பூதியம் எழுதுங்கள், துறை அனுமதியோடு. நிதி கொடுப்பவர் வெட்டச் சொன்னால் வேறு எதையாவது வெட்டுங்கள், இதை விடாதீர்கள்.

அறநெறிக் குழு ஒப்புதல் கட்டாயம், பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் கட்டாயம். மூன்று வயதுக் குழந்தை கையெழுத்துப் போடாது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு பதில், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பணமே கிடைக்கவில்லை என்றால்? அப்போதும் வேலை இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் கற்றலை அளக்கும் அசர் அமைப்பு 2019ல் நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளைப் பற்றி 26 மாவட்டங்களில் எடுத்த அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 2002 முதல் 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த யங் லைவ்ஸ் தரவைப் பதிவு செய்து இலவசமாக வாங்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவும் அப்படியே. ஒரு மடிக்கணினியும் அந்தப் புள்ளியியல் நண்பரும் இருந்தால் முதல் கட்டுரையை இதிலிருந்தே எழுதலாம், அந்தக் கட்டுரையைக் காட்டி ஐசிஎஸ்எஸ்ஆருக்குப் போகலாம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இந்த மாதம் மையத்தில் நான்கு காலைகள், அடுத்த மாதம் சிடிபிஓவிடம் ஒரு பக்கக் கடிதம், அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இலவசத் தரவில் வேலை. டீச்சர் என்ன கேள்வி சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அதை எடுத்துக்கொண்டு ப்ரொபோசலின் முதல் பக்கத்தை எப்படி எழுதுவது என்று அடுத்த காணொளியில் உட்கார்ந்து பார்க்கலாம்.