உறைஞ்சு கல்லான தவளை எப்படி உயிரோட எழுந்திரிக்குது?

அலாஸ்காவுல இருக்கிற வுட் ஃப்ராக் பத்தி ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "தண்ணி உறைஞ்சா பாட்டிலே வெடிக்குது, தவளை உடம்பு மட்டும் எப்படித் தாங்குது? வீட்டு ஃப்ரீசர்ல வச்சாலும் பிழைக்குமா?"

பாட்டில் உதாரணத்துலயே பாதிப் பதில் இருக்குங்க. ஐஸ் எந்த இடத்துல உருவாகுதுங்கிறதுதான் விஷயம். செல்லுக்குள்ள ஐஸ் முளைச்சா அந்த செல் செத்துச்சுன்னு அர்த்தம். இந்தத் தவளை ஐஸை செல்லுக்கு வெளியிலயே நிறுத்திடுது. உறுப்புகள்ல இருக்கிற தண்ணி கசிஞ்சு வெளிய வந்து, தோலுக்கு அடியிலயும் வயித்துக்குள்ள இருக்கிற இடைவெளியிலயும் போய் உறையுது. உடம்புத் தண்ணியில சுமார் 65 சதவீதம் அப்படி ஐஸ் ஆயிடும். மூச்சு கிடையாது, இதயத் துடிப்பு கிடையாது, கண்ணு பால் மாதிரி வெளுத்துப் போயிருக்கும். தட்டினா கல்லுல தட்டின மாதிரி இருக்கும். ஆனா செல்லுக்குள்ள மிச்சத் தண்ணி பாகு மாதிரி உறையாம நிக்கும்.

அந்தப் பாகு கல்லீரல்ல இருந்து வருது. குளிருக்கு முன்னாடியே அங்க கிளைக்கோஜனை, அதாவது உடம்பு சேமிச்சு வைக்கிற சர்க்கரையை, நிறையச் சேத்து வச்சிருக்கும். ஈர இலையில இருக்கிற பனி தோல்ல பட்டு உறைய ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே கல்லீரல் அதைக் குளுக்கோஸா மாத்தி ரத்தத்துல கொட்டும். வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்தா நமக்கு 100-க்குள்ள வரணும் இல்லையா? இதுக்கு 3,000-ஐயும் தாண்டும்! கூடவே, சிறுநீர்ல வெளிய போற யூரியாவும் செல்லைக் காப்பாத்தத் துணைக்கு இருக்கு.

இப்ப ஃப்ரீசர் கேள்விக்கு வரேன். தயவுசெஞ்சு யாரும் செஞ்சு பாக்காதீங்க, செத்துப்போயிடும். இதயம் துடிக்கிற வரைக்கும்தான் அந்தச் சர்க்கரை உறுப்புகளுக்குப் போய்ச் சேரும். அதுக்குப் பல மணி நேரம் மெதுவா உறையணும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல திடீர்னு வச்சா, சர்க்கரை போய்ச் சேர்றதுக்குள்ள இதயம் நின்னுடும், செல்லுக்குள்ளயே ஐஸ் பிடிச்சிடும்.

ஆனா அதே மைனஸ் 18-ஐ அலாஸ்காவோட ஃபேர்பேங்க்ஸ் ஊர்ப் பக்கத்துத் தவளைங்க காட்டுல தாங்கியிருக்கு. 2014-ல வெளியான அலாஸ்கா ஆய்வுல, சுமார் 7 மாசம் உறைஞ்சு கிடந்த தவளைங்க அத்தனையும் பிழைச்சிருக்கு. குளிர் ஆரம்பிக்கிற சமயத்துல, நிரந்தரமா உறையறதுக்கு முன்னாடி, அங்க ராத்திரி உறையும், பகல்ல இளகும், மறுநாளும் அதே கதை. ஒவ்வொரு தடவை உறையும்போதும் கல்லீரல் இன்னும் கொஞ்சம் குளுக்கோஸை விடும், அது அப்படியே சேந்துக்கிட்டே போகும். ஆய்வுக்கூடத்துல ஒரே மூச்சுல உறைய வச்ச தவளைகளுக்கு அந்த வாய்ப்பே இல்ல. எனக்கு இந்தத் தவளைகிட்ட ரொம்பப் பிடிச்சதே இந்த ஒத்திகைதான்.

இளகும்போது வெளியில இருந்து உள்ள போகும்னுதானே நினைப்போம்? அப்படி இல்லைங்க. சர்க்கரை அதிகமா இருக்கிற இதயமும் கல்லீரலும் முதல்ல இளகும். இதயம் துடிக்கும், அப்புறம் மூச்சு வரும், கால் அசையறது அதுக்கும் பின்னாடிதான். ஒரு நாள்ல தாவ ஆரம்பிச்சிடும்.

இன்னொரு விஷயம், இது மண்ணுக்குள்ள ஆழமாப் போய்ப் படுக்கறது இல்ல. காஞ்ச இலைக் குவியலுக்கு அடியிலதான் கிடக்கும், மேல விழற பனிதான் அதுக்குப் போர்வை. வெளியில கடுங்குளிர் அடிச்சாலும் உள்ள அவ்வளவு இறங்காது. பனி குறைவா விழற வருஷம்தான் இதுக்கு ஆபத்து.